பனிக்காலத்து அட்டை

நவம்பர் 9, ஞாயிறு

இது அபிநயாவின் டைரி. நர்சிங் சேர்ந்த வருஷம் யாரோ கொடுத்தது. முதல் பக்கத்தில் தன் பெயரைப் பூப்போட்டு எழுதியதோடு சரி, பொள்ளாச்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது அலமாரியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என் மகள். காகிதம் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தேதிகளை அடித்துத் திருத்தி நானே எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். "கல்யாணம் மட்டும் குறுக்க வரலைன்னா நம்ம குருவம்மா கலெக்டர் ஆகியிருப்பா" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை கிண்டல் செய்வார்.

லீவுக்கு வந்தால் அபி இதைப் புரட்டாமல் விடமாட்டாள். அடுத்தவர் பை, போன், கடுதாசி எதையும் திறந்து பார்ப்பது அவள் குணம். அதனால் பார்த்துத்தான் எழுத வேண்டும். அபி, படித்துக்கொண்டிருக்கிறாயா? போய்ப் பாடத்தைப் படி.

இன்று குயில்பாறை எஸ்டேட் கிளப் ஹாலில் பெண்களுக்கு மட்டும் கூட்டம். வால்பாறையில் உள்ள ஒரு டிரஸ்டிலிருந்து நிவேதா மேடம் வந்திருந்தார். சின்ன வயது. கர்ப்பப்பைப் படம் போட்ட பெரிய சார்ட்டை அவர் விரித்ததும் முன்வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. என் பக்கத்து வீட்டுச் சவேரியம்மா அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கொம்பு வெச்ச ஆட்டுத்தலை கணக்கா இருக்கு. இதையா பொம்பளைங்க உள்ள வெச்சுச் சுமந்துக்கிட்டுத் திரியிறோம்?" என்றாள். ஹாலே சிரித்தது.

"சந்தேகம் இருந்தா கூச்சப்படாம கேளுங்க" என்றார் மேடம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. வெளியே குழாயடிக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாப்கினை எப்போது மாற்றுவது, எரிப்பதா புதைப்பதா, எரித்தால் வயிறு வெந்துபோகும் என்கிறார்களே, அந்த நாட்களில் தேயிலையைத் தொட்டால் கொழுந்து கருகுமா? "கருகும்னா இந்த மலையில ஒரு செடி மிஞ்சியிருக்குமாடி?" என்று கேட்டேன். மேடம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதோடு மாட்டிக்கொண்டேன். இனி எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. மாதம் ஒரு பெட்டி நாப்கின் என் வீட்டுக்கு வரும். கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும், சொல்லித்தர வேண்டும், கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட வேண்டும். சம்பளம் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் உண்டு.

மேடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னது ஒன்றுதான். ஒரு வாரம் தாண்டியும் நிற்காமல் போனாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைக் குழாயடியிலேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை விடவில்லை. சரிவில் செடி வரிசைக்கு ஒருத்தியாக ஆளுக்கொரு நெரை பிடித்து, கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டே மேலே ஏறினோம். மூட்டையில் இருந்தது பாதி கொழுந்து, பாதி தண்ணீர்.

அபி டவுனில் படிக்கிறவள், மறந்திருப்பாள். தேயிலைக்காட்டில் கக்கூஸ் கிடையாது. யாருக்காவது துணி மாற்ற வேண்டுமென்றால் "ஏ, படுதா!" என்று ஒரு குரல் வரும். மழைக்காக இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் படுதாவை நாலு பேர் அவிழ்த்து, முதுகைக் காட்டி நின்று சுற்றிப் பிடிப்போம். உள்ளே இருப்பவள் வேலையை முடித்துக்கொள்வாள். சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன் அந்த நேரம் பார்த்து, எதிர்மலையில் யானை வருகிறதா என்று கண்ணுக்குக் கை வைத்துப் பார்ப்பார். நல்ல மனுஷர்.

அதையும் மீறிச் சேலையில் பட்டுவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. "அட்டை கடிச்சிருச்சு" என்றால் போதும். இந்த மழையில் அட்டை கடிக்காத கால் இங்கே கிடையாது. கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. தங்கராசு அண்ணனும் நம்புவார், எடை போடுகிறவரும் நம்புவார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இந்த மலையில் எந்தப் பெண்ணுக்கும் மாதவிடாய் வந்ததே இல்லை. அட்டைதான் கடிக்கிறது.

இன்று எனக்கும் அட்டை.

நவம்பர் 30, ஞாயிறு

முதல் கூட்டத்தை நடத்திவிட்டேன். துணி வைத்துக்கொள்கிறவர்கள் அதை வெயிலில் காயப்போட வேண்டும் என்றேன். "வெயிலக் காட்டு, போடுறோம்" என்றார்கள். அதுவும் நியாயம்தான். இருக்கிற கொஞ்ச வெயிலிலும் கொடியில் சேலைக்கு அடியில் ஒளித்துப் போடுகிறோம். ஈரம் எங்கே காயும்? ஆம்பளைகளின் ஜட்டி மட்டும் வாசலில் கட்சிக்கொடி மாதிரி பறக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

அபி போன் பண்ணினாள். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. முடித்துவிட்டால் என் மகள் நர்ஸ். அதுவரைக்கும் இந்த வீடு நிற்க வேண்டும். லைன் வீடு நமக்குச் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவர் பெயர் எஸ்டேட் வேலையில் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். என் வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் ஒருத்தி பெயர்தான். அது அடிபட்டால் அபி படிப்பை விட்டுவிட்டு வந்து கத்தரியைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் சாமானைக் கட்ட வேண்டும்.

கடைசி வீட்டுப் பிச்சம்மா சாமானைக் கட்டியது கண்ணிலேயே நிற்கிறது. போன வருஷம் வயிற்றில் ஏதோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேலைக்கு லாயக்கில்லை, 'அன்பிட்' என்று எழுதிவிட்டார்கள். மழையில் டெம்போ நின்றது, பீரோ நனைந்தது, அவள் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். உடுமலைப் பக்கம் தம்பி வீட்டில் இருந்தாள், மூன்றாம் மாதம் செத்துப்போனாள் என்று செய்தி வந்தது. அதிலிருந்து எங்கள் லைனில் சளிக்கும் தலைவலிக்கும்தான் ஆஸ்பத்திரி. வயிறு என்று யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை.

நான் பேட்ஜைக் குத்திக்கொண்டு "மறைக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன்.

டிசம்பர் 10, புதன்

பெட்டி அதற்குள் காலியாகப் போகிறது. இந்தப் பெண்கள் நாப்கினை வைத்து என்ன செய்கிறார்களோ, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறார்களோ. விடியும் முன் ஓடையில் சேலை அலசப் போனேன். விரல் மரத்துவிட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

பனி இறங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் கிடந்தது. சவேரியம்மா அக்காவுடன் இனிமேல் பேச்சு கிடையாது. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

நெரையில் எனக்கு அடுத்து அவள். திடீரென்று, "ஏ குருவு, பின்னால என்னடி?" என்றாள்.

"அட்டைக்கா."

கத்தரியை நிறுத்திவிட்டாள். "மண்ணு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. பனியில ஏதுடி அட்டை?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"போன வாரமும் அந்த ஒண்ணு ரெண்டுதானா?"

"என் காலு, என் அட்டை. உனக்கென்னக்கா?"

பக்கத்து நெரைகளில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எடை போடும் இடம்வரை என் பின்னாலேயே நடந்து வந்தாள், என் சேலையை மறைத்துக்கொண்டு. எனக்கு ஒரு காவலாளி தேவையா? மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குவதையும் கேட்டிருப்பாள். வயது ஏறினால் யாருக்கும் வாங்கும். அடுத்தவள் சேலையைப் பார்ப்பதைவிட அவளுக்கு வேறு வேலை இல்லை.

டிசம்பர் 25, வியாழன்

பேச்சு இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ் கேக் வந்துவிட்டது. கூடவே ஒரு தூக்குப்போணி. திறந்தால் ஆட்டு ஈரல் வறுவல்.

"பிரியாணி ஆக்கலயாக்கா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆக்கியிருக்கேன். உனக்கு ஈரல்தான்."

வாசலில் வைத்துவிட்டுக் கோபமாகப் போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாக யாராவது ஈரல் கொடுப்பார்களா? விசித்திரமான பொம்பளை. ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிற குடும்பங்களுக்குக் கீழே தகரக் கூரை வீடுகளைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பூல்மணி என்று ஒரு பெண். போன மாதத்திலிருந்து எங்கள் நெரையில் வெட்டுகிறாள். தமிழ் அரைகுறை, சிரிப்பு முழுசு. இரண்டு நாளாகக் காலை அகட்டி அகட்டி நடந்தாள். கேட்டால் "ஒண்ணும் இல்லே தீதீ" என்றாள். அக்கா என்பதற்கு அவள் பாஷையில் தீதீ.

இன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு சேலையை விலக்கிக் காட்டினாள். உரச்சாக்குக்குள் இருக்கும் துணியை மடித்து வைத்திருந்திருக்கிறாள். தொடை இரண்டும் உரிந்து, சீழ் வைத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் போட்டுக் காயவைப்பாளாம். அங்கே எது காயும்?

"பேட், பேட்" என்று கை நீட்டினாள். பெட்டியைக் காட்டு என்கிறாள்.

பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

"தீந்து போச்சும்மா" என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீக் ஹை தீதீ, பரவாயில்லே" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

என் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பருத்திச் சேலை ஒன்று இருந்தது. கிழித்துக் கொடுத்தேன். அவளை இழுத்துக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அவள் வாயைத் திறக்க மறுத்தாள், நான்தான் பேசினேன். "இத்தன நாளு ஏன் மறைச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டது அவளைத்தான். பதில் சொல்ல முடியாமல் நின்றது நான்.

ஜனவரி 7, புதன்

அபி படித்தால் படிக்கட்டும். அந்தப் பெட்டியை யாரும் திருடவில்லை, யாரும் அதிகமாகக் கேட்கவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி நான் பெட்டியில் கை வைக்க மாட்டேன். எனக்குத் துணி போதும்.

ஜனவரி 17, சனி

பொங்கலுக்கு அபி வந்துவிட்டுப் போனாள். வருவதற்கு முன் டைரியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன்.

வந்ததும் வராததுமாக என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஏம்மா வெளுத்துக் கெடக்க?" என்று கண்ணின் கீழ் இமையை இழுக்கப் பார்த்தாள். "இது ஒங்க ஆஸ்பத்திரி இல்ல, அடுப்பப் பாரு, பால் பொங்குது" என்று தட்டிவிட்டேன். மூன்று நாளும் கறுப்புச் சேலைதான் கட்டினேன். பொங்கலன்றைக்கு எதுக்கும்மா கறுப்பு என்று அவள் கேட்டதற்கு மேல்மருவத்தூர், சபரிமலை என்று ஏதேதோ உளறினேன்.

பஸ் ஏறும்போது சத்து மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் திணித்தாள். "ஏப்ரல் வரைக்கும் எதுவும் ஆகாம பாத்துக்கம்மா. அப்புறம் நான் பாத்துக்கிறேன்." பஸ் வளைவு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டினேன். பிறகு அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதத் தெம்பில்லை. ஏப்ரல் ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். டைரியை எடுத்து வந்தது பூல்மணி. அரிசி டிரம்மில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சோறு ஆக்கினேன்" என்றாள். என் வீட்டில் என் அரிசியில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை மேட்டு நெரையில் வெட்டிக்கொண்டிருந்தேன். செடிகளெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. பனி என்று நினைத்தேன். விழுந்தது தெரியவில்லை. கண் திறந்தபோது என்னைச் சுற்றிப் படுதா. நாலு பேர் இல்லை, நெரை மொத்தமும் முதுகைக் காட்டி நின்றது. பூல்மணி என் தலையை மடியில் வைத்திருந்தாள். தங்கராசு அண்ணன் யானையைப் பார்க்காமல் ஜீப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்ணில் இருந்த ரத்தத்தைப் பார்த்து ஒருத்திகூட அட்டை என்று சொல்லவில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. கெட்ட கட்டி இல்லையாம், ஆனால் நன்றாக வளர்ந்துவிட்டதாம். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு தேறியதும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் அபி யூனிபாரத்தோடு நின்றாள்.

"ஆடியிலேர்ந்து" என்றேன்.

அபி வெளியே போய்விட்டாள். அழுதுவிட்டு வந்தாள். வந்து என்னைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. "ஊருக்கெல்லாம் பேட்ஜ் குத்திக்கிட்டுப் பாடம் எடுத்தியேம்மா!"

பிப்ரவரி 14, சனி

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அபி ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். "பீல்டு ஆபீசர்கிட்டப் போன்ல பேசிட்டேன். உன்னை அன்பிட்னு எழுதுறதுக்கு முன்னால என் பேரைப் பதிஞ்சுக்கச் சொல்றேன். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கலாம்மா."

அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பிளஸ் டூவை அடுத்த வருஷம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனேன். "அதுக்குத்தாண்டி இத்தன மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்! நீ கத்தரியத் தூக்குறதுக்கா?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். இரண்டு பேரும் அழுதோம்.

கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சவேரியம்மா அக்கா, "ரெண்டு பேரும் வாய மூடுங்கடி" என்றாள். அபியின் கையிலிருந்த காகிதத்தை வாங்கித் தன் அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"குருவு, பத்து வருஷத்துக்கு முன்னால நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்னு போயி, ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு மொட்டத் தலையோட வந்தேனே, நெனப்பிருக்கா?"

இருந்தது. அந்த மொட்டைக்கு லைனே அவள் காலில் விழாத குறை.

"நான் வேளாங்கண்ணிக்கே போகல. இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். அந்தா, அந்த மூலைக் கட்டிலு. உனக்கு எடுக்கப் போறத எனக்கு அப்பவே எடுத்தாச்சு. மொட்ட, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூன்ல அடிச்சது."

அபி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"லீவு கொடுத்தாங்க. திரும்பி வந்து கொஞ்ச நாளு நாத்தங்கால்ல உக்காந்து பையில மண்ணு ரொப்புனேன். முட்டி வலின்னு உங்ககிட்டச் சொன்னேன். அப்புறம் நெரைக்கு வந்துட்டேன். இன்னிக்கும் உங்கம்மாவவிட நாந்தான் கூட வெட்டுறேன். என் வீடு எங்கடி போச்சு? ஆபீசுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். நம்ம லைனுக்குத்தான் தெரியாது."

"அப்ப பிச்சம்மா?" என்றேன்.

அக்கா ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "அவளும் அட்டைன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. ரெண்டு வருஷம். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப புத்துநோயி முத்திப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனதால அவ வீடு போகலடி. போகாததால போச்சு. எனக்கு நடந்தத அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தேன்னா..." வாய் ஓயாத சவேரியம்மா அழுததை நேற்றுத்தான் முதல் தடவை பார்த்தேன்.

"ஏன் பெரியம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று அபி கேட்டாள்.

"கர்ப்பப்பை இல்லாதவன்னா பொம்பளையே இல்லன்னு பேசுவாளுக. அத விடு. நீங்களும் வெளிய சொல்லிராதீங்க, மாதா மேல சத்தியம்."

சத்தியம் செய்தோம். அபி அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது முடிந்ததும் நாற்றங்காலில் லைட் வேலை என்று டாக்டர் கையெழுத்து. பீல்டு ஆபீசர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டார், ஆனால் வாங்கிக்கொண்டார். அபி ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். போகும் முன் இந்த டைரியை முதலிலிருந்து கடைசிவரை என் எதிரிலேயே உட்கார்ந்து படித்தாள். கறுப்புச் சேலைப் பக்கம் வந்ததும் என்னை முறைத்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று கூட்டம். நிவேதா மேடமும் வந்தார். சார்ட்டை விரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்று என் கதையைச் சொன்னேன். ஆடி மாதத்திலிருந்து நிற்காமல் போனது, பெட்டியை நானே காலி செய்தது, பூல்மணியை வெறுங்கையோடு நிறுத்தியது, இப்போது கர்ப்பப்பை இல்லாமல் நிற்பது எல்லாம். சொல்லி முடித்தபோது லேசாக இருந்தது. "வீடு அப்படியேதான் இருக்கு. சீக்கிரம் போனா ஒண்ணும் ஆகாது" என்று முடித்தேன்.

பின்வரிசையில் கீழ் லைன் முத்துப்பேச்சி இருந்தாள். முப்பது வயதிருக்கும், முகம் பழைய வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. "அக்கா, நீ இன்னும் வேலைக்கே திரும்பலையே" என்றாள் மெதுவாக. "லீவு முடிஞ்சு போறப்ப அன்பிட்னு எழுதிட்டா? உனக்கு மேடம் இருக்காங்க. எங்களுக்கு யாரு இருக்கா?"

எனக்குப் பதில் தெரியும். சத்தியம் செய்திருக்கிறேன். சவேரியம்மா அக்கா பக்கம் திரும்பாமல் இருக்கப் படாதபாடு பட்டேன். முத்துப்பேச்சி எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"எங்கடி போற? உக்காரு." அக்காதான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாதா என்கிட்ட மொட்டையே கேக்கலடி" என்று ஆரம்பித்தாள். சலூன்வரை எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "பத்து வருஷமா உங்க முன்னாலதான் மூட்ட தூக்குறேன். நான் பொம்பளையா இல்லையா, யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ரேஷன் கடைக்கு எதிர் வீட்டுச் செல்லக்கிளி, தரையைப் பார்த்தபடியே, "திருச்செந்தூர்ல விரதம்னு சொல்லிட்டுப் போனேன்" என்றாள். "எனக்கும் எடுத்தாச்சு." அவளுக்குப் பின்னால் தவமணி, "நான் தங்கச்சி பிரசவம் பாக்கப் போனேன்னு சொன்னேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் ஹால் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பாதிப் பேர் அழுதார்கள்.

ஒரே நெரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெட்டியிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்களெல்லாம் ஒளிந்துகொண்டார்கள். ஒளிய முடியாமல் போன பிச்சம்மாவை மட்டும் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடு போகும் என்று மொத்த லைனும் பயந்து கிடந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவளும் வந்து இந்த ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

மார்ச் 30, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் முத்துப்பேச்சி, கையில் பையோடு. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. "கூட வர்றியாக்கா?" என்றாள்.

நானும் சவேரியம்மா அக்காவும் கூடப் போனோம். வால்பாறை பஸ்ஸில் நல்ல கூட்டம். பாதிப் பேர் எஸ்டேட் ஆம்பளைகள். தெரிந்த கண்டக்டர். "என்ன, மூணு பேரும் காலங்காத்தால கெளம்பிட்டீங்க? கோயிலா, கல்யாணமா?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று ஹாலில் அவ்வளவு பேசியவள் நான், பழக்கதோஷம், "மாரியம்மன்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள் முத்துப்பேச்சி.

"யாருக்கு?"

"எனக்குத்தான். நாலு மாசமா ரத்தப்போக்கு நிக்கல."

கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரைத் தட்டி எழுப்பிவிட்டு, "நீங்க உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்கார்ந்துகொண்டாள்.